லீகல் கிளியர், சரி, பார்த்தது யாருடைய வக்கீல்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேப்பரைப் பிரித்தால் சூலூர், அன்னூர், சரவணம்பட்டி, பெருந்துறை என்று பக்கத்துக்குப் பக்கம் மனை விளம்பரம்தான். பலவற்றில் 'லீகல் கிளியர், பேங்க் லோன் வசதி உண்டு' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை நம்பி அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்புகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. வங்கியில் வீட்டுக்கடன் ஃபைல்களோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். அதனால் சொந்தபந்தத்தில் யார் இடம் வாங்கினாலும் ஜெராக்ஸ் கட்டோடு நம்ம வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள்.

வருகிறவர்கள் முதலில் கேட்பது இதுதான்: "பேங்க் வக்கீலே ஓகே சொல்லிட்டாருங்க, அப்புறம் நமக்குன்னு தனியா ஒரு வக்கீல் எதுக்குங்க?"

அந்த வக்கீல் வங்கியின் பேனல் வக்கீல். ஃபீஸ் உங்கள் பணம், ஆனால் கருத்து வங்கிக்கு. நாளைக்கு நீங்கள் தவணை கட்டாமல் போனால் இந்தச் சொத்தை வைத்துக் கடனை வசூலிக்க முடியுமா என்பதுதான் அவர் பார்க்கிற விஷயம். சொத்தில் சிக்கல் வந்தாலும் வங்கி உங்கள் சம்பளத்தையும் ஜாமீன்தாரையும் பிடிக்கும், நீங்கள் யாரைப் பிடிப்பீர்கள்? தவிர, கடனுக்கு மனுப் போடும்போது அட்வான்ஸ் ஏற்கெனவே போய்விட்டிருக்கும். புரோமோட்டர் கூட்டிவரும் வக்கீலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பத்திர எழுத்தர் நல்ல மனுஷராகவே இருக்கட்டும், அவர் வேலை பத்திரம் எழுதுவது, விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று தோண்டுவது அல்ல. இங்கிலாந்தில் இருக்கிற எங்கள் சொந்தக்காரப் பையன் அங்கே வீடு வாங்கினான். வாங்குபவருக்கென்றே ஒரு சொலிசிட்டர், விற்பவருக்கு வேறொருவர், பணமும் அந்த வக்கீலின் கிளையண்ட் கணக்கு வழியாகத்தான் போனது. அரசுப் பதிவேட்டில் பேர் ஏறிவிட்டால் உரிமைக்கு அரசே உத்தரவாதம். அங்கேயே தனி வக்கீல் வைக்கிறார்கள், அந்த உத்தரவாதம் இல்லாத நம்ம ஊரில் புரோக்கர் பேச்சை நம்பிக் கையெழுத்துப் போடுகிறோம்.

"ரிஜிஸ்டர் ஆகிருச்சே, அப்புறம் என்னங்க" என்பார்கள். பதிவு என்பது பத்திரத்துக்குத்தான், உரிமைக்கு அல்ல. எழுதிக் கொடுப்பவருக்குச் சொத்தில் உரிமை இருக்கிறதா என்று விசாரிப்பது சார்பதிவாளர் வேலை இல்லை என்று 2025 ஏப்ரலில் ஒரு தமிழ்நாட்டு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பட்டாவும் அப்படித்தான், வருவாய்த்துறைக் கணக்கு மட்டும் உரிமையைக் கொடுத்துவிடாது. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டும்தான் வரும். பதியாத உயில், வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகம், பெயரே குறிப்பிடப்படாத வாரிசு, இதெல்லாம் அதில் தெரியாது.

அந்த வாரிசு விஷயத்தில்தான் நம்ம பக்கம் நிறையப் பேர் சிக்குகிறார்கள். தாராபுரம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டோடு மனை வாங்கினார். விற்றவர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர், அப்பா காலமானவர், உயில் கிடையாது. மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சரி. வீட்டை இடித்துக் கட்டிக் குடி போன பிறகு, விற்றவர்களின் அக்கா பாகம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். "அவிங்களுக்குத்தான் சீர் செஞ்சு, நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சே" என்றார்கள் தம்பிமார். சீர் செய்தது ஊருக்குத் தெரியும், சட்டத்துக்கு அது கணக்கில் வராது. அப்பா உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்று 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்லிவிட்டது, அம்மா இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு தர 1989-ல் தமிழ்நாடு ஒரு அடி எடுத்து வைத்தது (அப்போது கல்யாணம் ஆகாத பெண்களுக்கு மட்டும்), 2005-ல் மத்திய அரசின் திருத்தம் வந்தது, அந்தத் திருத்தத்தின்போது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆகவே வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொரு பெண்ணும் கிரயத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லை தன் பாகத்தை விட்டுக்கொடுத்துப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். 'அக்கா ஒண்ணும் சொல்லாதுங்க' என்பது விடுதலைப் பத்திரம் ஆகாது. மைனர் பேரில் சொத்து இருந்தால் கோர்ட் அனுமதி இல்லாமல் தொடவே வேண்டாம்.

அப்புறம் தடம். தோட்டத்தை மனையாகப் பிரித்த இடங்களில் பழைய பத்திரத்தின் கடைசிப் பக்கத்தை, சொத்து விவரத்தை, எத்தனை பேர் படிக்கிறார்கள்? 'கிணற்றில் 4-ல் 1 பாகமும், மாமூல் வண்டித்தடத்தில் நடந்து வரப் போகும் பாத்தியமும்' என்று ஒரு வரி கிடக்கும். நீங்கள் வாங்குகிற பத்திரத்தில் மட்டும் பார்த்தால் போதாது, அடுத்த தோட்டத்துக்காரரின் பத்திரத்திலும் அந்த வரி இருக்கலாம், அவருடைய வண்டித்தடம் உங்கள் பெட்ரூம் வழியாகப் போகலாம். லேஅவுட் படத்தில் அந்தத் தடத்தைக் காட்டியிருக்க மாட்டார்கள். சர்வே எண்ணின் அளவும் எல்லையும் காட்டுகிற அரசின் புலப்படத்தை எடுத்து, சர்வேயரை வைத்து அளந்து, பக்கத்து பூமிக்காரரிடம் ஒரு வார்த்தை பேசினால் பாதி தெரிந்துவிடும். நல்ல வக்கீல் இதைச் செய்யச் சொல்லி உங்களை விரட்டுவார்.

கோவைக்கு மேற்கே மலையடிவாரக் கிராமங்களில் ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம்) அனுமதி தேவைப்படுமா, மைல்கல்லில் இருந்து நரசிம்மநாயக்கன்பாளையம் வரைக்கும் போகிற மேற்குப் புறவழிச்சாலை போல ஏதாவது நிலமெடுப்பில் சர்வே எண் வருகிறதா, கோயில் நிலமா, பட்டியல் சாதியினருக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலமா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பவர் வைத்து விற்பவரிடம் வாங்கினால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்துவிட்டாரா என்று பாருங்கள். பவர் பத்திரமே கிரயம் ஆகிவிடாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது.

பண விஷயம். கிரய ஒப்பந்தத்தை 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி மடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை, 2012 டிசம்பரில் இருந்து தமிழ்நாட்டில் அதையும் பதிய வேண்டும். சொத்து அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். விலை 50 லட்சத்தைத் தொட்டால் விற்பவருக்குக் கொடுக்கிற பணத்தில் 1 சதவீதம் வருமான வரி (டிடிஎஸ்) பிடித்துக் கட்ட வேண்டியது வாங்குகிற நீங்கள், விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் அந்தக் கணக்கே வேறு, அதற்கு ஆடிட்டரைப் பாருங்கள்.

"வக்கீல் ஃபீஸ் வேறயா?" என்று இழுப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 40 லட்சம் கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 3 லட்சத்து 60 ஆயிரம். புரோக்கர் கமிஷன் தனி. இதையெல்லாம் முணுமுணுக்காமல் கொடுக்கிறோம். முன்னாடியே மூலப்பத்திரங்களைப் படித்து எழுத்தில் கருத்துத் தருகிற ஒரு சிவில் வக்கீலுக்கு ஆகிற செலவில் மட்டும் பேரம் பேசுகிறோம். கருத்தை எழுத்தில் வாங்குங்கள், என்னென்ன பத்திரம் பார்த்தார் என்ற பட்டியலோடு. 'பாத்துட்டேன், நல்லாத்தான் இருக்கு' என்று போனில் சொல்வது எதற்கும் உதவாது.

கடைசியாக உங்களுக்கும் ஒன்று, ஆசிரியரே. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புது லேஅவுட் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் (ரெரா) பதிவு வேண்டும், விளம்பரத்தில் அந்தப் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று 2016 சட்டமே சொல்கிறது. போன வாரம் வந்த விளம்பரங்களில் சிலவற்றில் எண்ணே இல்லை, சிலவற்றில் லென்ஸ் வைத்துத் தேட வேண்டியிருந்தது. விளம்பரப் பிரிவில் யாராவது ஒருவர் அந்த எண்ணை ஆணையத்தின் தளத்தில் சரிபார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்பினால் என்ன?

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அவிநாசி.