கோசோ தீவின் உப்புப் பாத்திகள்

மால்டா,
செப்டம்பர்.

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இங்கு நான் நலம். அங்கு அனைவர் நலமும் அறிய ஆவல். முதியோர் இல்லத்தில் விடுப்பு கிடைத்ததால், உடன் பணிபுரியும் கேரளப் பெண்களுடன் கோசோ தீவுக்குப் போய் வந்தேன். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன். அப்பா இதை முழுவதும் படிக்க வேண்டும். நம் தொழிலான உப்பு விளைவிப்பதைப் பற்றிய செய்தி இதில் இருக்கிறது.

மால்டாவுக்கு வடமேற்கே இருக்கும் கோசோவுக்குக் கப்பலில் போக 25 நிமிடம் ஆகிறது. 67 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தச் சின்னத் தீவில் ஆறு கிடையாது. வயல்களுக்குக் கல்லடுக்கி வரப்பு கட்டியிருக்கிறார்கள்; அவற்றின் ஓரத்தில் நம் ஊர்ச் சப்பாத்திக் கள்ளிதான் வேலியாக நிற்கிறது.

முதலில் சாரா என்ற ஊரில் உள்ள ஜகன்தியா கோயிலைப் பார்த்தோம். கி.மு. 3600 வாக்கில் கட்டத் தொடங்கியது என்கிறார்கள்; எகிப்தின் பிரமிடுகளை விட மூத்தது. வெளிச்சுவர் சில இடங்களில் 6 மீட்டருக்கு மேல் இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. இரும்பும் செம்பும் அறியாத மக்கள், சாந்தும் இல்லாமல், டன் கணக்கில் எடையுள்ள பாறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றியிருக்கிறார்கள். தோளில் குழந்தையைச் சுமந்தபடி ஓர் அரக்கி ஒருத்தியே இதைக் கட்டினாள் என்று ஊரார் கதை சொல்கிறார்கள். அந்தக் கதையை விட, பெயர் தெரியாத உழைப்பாளிகள் கூட்டமாக நின்று கல் நகர்த்தியதை நினைத்துப் பார்ப்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது.

அப்பா, நான் சொல்ல வந்தது வடக்குக் கடற்கரையைப் பற்றித்தான். மார்சல்ஃபோர்ன் என்ற ஊரைத் தாண்டி ஷ்வெய்னி விரிகுடாவை ஒட்டி நடந்தால், கரையோரச் சுண்ணாம்புப் பாறையிலேயே கையால் வெட்டிய உப்புப் பாத்திகள் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டருக்குச் சதுரம் சதுரமாகப் பரந்து கிடக்கின்றன. 350 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே உப்பு விளைகிறது. கடல்நீரைப் பெரிய பாத்திகளில் தேக்கி, வெயிலில் காயவிட்டு, நீர் அடர்ந்ததும் சிறு பாத்திகளுக்கு மாற்றுகிறார்கள். கோடையில் ஒரு வாரம் போல விட்டால் உப்பு இறங்கிவிடுகிறது. அந்தக் காலை நேரத்தில் ஒரு முதியவர் நீண்ட காம்புள்ள துடைப்பத்தால், தரையை அழுத்தாமல் மேலாக இழுத்து, உப்பை மூலையில் குவித்துக்கொண்டிருந்தார். குவியலிலிருந்து நீர் வடிந்து, பாறையில் வெட்டிய சிறு வாய்க்கால் வழியே பக்கத்துப் பாத்திக்குத் திரும்பியது. அனுமதி கேட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். மண் நிறம் ஒரு துளியும் இல்லாத, சதுரம் கலையாத வெள்ளைப் பரல்கள்.

நீங்கள் ஒவ்வொரு தை மாதமும் பாத்தியில் இறங்கி, களிமண் தரை இறுகும்வரை நாள் கணக்கில் காலால் மிதிப்பீர்களே, அந்த வேலை இங்கே இல்லை. தரையே பாறை. ஆனால் அது மென்பாறை. குளிர்காலத்துப் புயல் அலை விளிம்புகளை அரித்துவிடுவதால், கோடை தொடங்குமுன் பாசியையும் சேற்றையும் அகற்றிப் பாத்திகளைச் செப்பனிடுவதே அவர்களுக்குப் பெரிய பாடு. விளைந்த உப்பை மூட்டை கட்டிப் பாறையைக் குடைந்த அறைகளில் சேமித்து, அங்கேயே சிறு பொட்டலங்களாக விற்கிறார்கள்.

அந்தக் குடும்பங்களின் உழைப்பைக் காண வெளிநாட்டார் வந்து நின்று, மரியாதையோடு கேள்வி கேட்டுப் போகிறார்கள். எனக்கு மனம் நிறைந்தது, கூடவே வலித்தது. நம் அளங்களில் கண் கூசும் வெள்ளையில் வெறுங்காலோடு உப்பு வாரும் உங்களையும் அம்மாவையும் யாரும் வந்து அப்படிப் பார்த்ததில்லை. உங்கள் தொழிலும் இதற்குக் குறைந்ததல்ல என்று என்னோடு வந்தவர்களிடம் விளக்கிச் சொன்னேன். அவர்கள் திரும்பி வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

மாலையில் மேற்குக் கரையில் உள்ள துவெய்ரா போனோம். கடலுக்குள் நீண்டிருந்த பெரிய பாறை வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து விழுந்துவிட்டது. அருகே தனித்து நிற்கும் ஒரு குன்றில் வளரும் செடி இரத்தப்போக்கை நிறுத்தும் என்று நம்பி, மால்டாவை ஆண்ட புனித யோவான் வீரர்கள் அந்தக் குன்றுக்குக் காவல் போட்டிருந்தார்களாம். செவிலியாக வேலை பார்க்கும் எனக்கு அந்தச் செய்தி பிடித்திருந்தது.

அடுத்த மார்ச் மாதம், இரவும் பகலும் சமமாகும் நாளில், மால்டாவின் தென்கரையில் உள்ள இம்னைட்ரா கோயிலுக்குப் போக எண்ணியிருக்கிறேன். அன்று உதயசூரியனின் ஒளி வாசல் வழியே நேராக உள்ளே விழும்படி 5000 ஆண்டுகளுக்கு முன்பே அதைக் கட்டியிருக்கிறார்கள்.

ஒரு பொட்டலம் உப்பு வாங்கி வைத்திருக்கிறேன். ஊருக்கு வருபவர் யாராவது கிடைத்தால் கொடுத்தனுப்புகிறேன். பரலைப் பார்த்து, நீர் எத்தனை அடர்த்தியில் இறக்கியிருப்பார்கள் என்று அப்பா சொல்ல வேண்டும். மழை தொடங்குமுன் உப்புக் குவியல்களான அம்பாரங்களுக்குக் கீற்று மூடியாகிவிட்டதா? மழைக்கால நிவாரணத்துக்கு இருவரும் மனு கொடுத்துவிட்டீர்களா என்பதையும் எழுதுங்கள்.

தங்கள் அன்பு மகள்