பின்தெருவில் நின்ற வண்டி

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதம் கிடைத்ததும் வண்டியை எடுக்காதே. எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்கட்டும். ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன். படித்து முடித்த பிறகும், போக்குவரத்து அபராத அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை எடுக்காதே.

போனில் சொல்லியிருப்பேன். நீ எடுப்பதில்லை. நானும் மூன்று தரம் அடித்துவிட்டு விட்டுவிடுகிறேன். நாலாவது தரமும் எடுக்கவில்லை என்றால் என்னால் தாங்க முடியாது.

அப்பா நன்றாக இருக்கிறார், சாயங்காலம் கொஞ்ச தூரம் நடக்கிறார். அக்காவின் சின்னவனுக்கு முன்பல் விழுந்துவிட்டது. மற்ற சேதியெல்லாம் அப்புறம்.

உன் பெயருக்கு 5 உறைகள் இங்கே வந்திருக்கின்றன. நாலு அபராதச் சீட்டு, ஒரு எச்சரிக்கை. லைசென்ஸிலும் வண்டிப் பதிவிலும் நீ இன்னும் இந்த வீட்டு முகவரியையே வைத்திருக்கிறாய். காமிராவில் பதிவானால் யாரும் உன்னை நிறுத்திக் கையில் சீட்டு தரமாட்டார்கள். வண்டி நம்பரைப் பார்த்து, பதிவில் இருக்கிற முகவரிக்கு அனுப்புவார்கள். நீ அங்கே குடியிருக்கிறாயா என்று பார்த்துக்கொண்டு கெடு நிற்காது. அந்த மழை ராத்திரியில் அக்காவை ஒரு குலுக்கல் இல்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தவன் நீ. இன்றைக்கும் மாப்பிள்ளை அதைச் சொல்லாத நாள் இல்லை. அப்படி ஓட்டுகிறவனுக்கு ஒரு முகவரியை மாற்ற நேரமில்லையா?

நேற்று நானே அந்த அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண், உன் கணக்கை என்னிடம் காட்ட முடியாது, நீயே வர வேண்டும் என்றாள். அது சரிதான். பொதுவாக என்ன நடக்கும் என்று மட்டும் பொறுமையாகச் சொன்னாள். கெடு தாண்டினால் தாமதக் கட்டணம் ஏறும். அதையும் விட்டால் கோர்ட்டுக்குப் போகும், லைசென்ஸை நிறுத்திவைப்பார்கள், வண்டிப் பதிவைப் புதுப்பிக்க விடமாட்டார்கள். உன் ஐந்தாவது உறையில் இருப்பது அந்த லைசென்ஸ் எச்சரிக்கைதான். அதில் போட்டிருந்த தேதி போன வாரம் முடிந்துவிட்டது. நிறுத்திய லைசென்ஸோடு ஓட்டி மாட்டினால் அது தனிக் குற்றம், இந்த நாலு சீட்டையும் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது. ஏதாவது விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர்களும் கைவிரித்துவிடலாம். அதனால்தான் வண்டியை எடுக்காதே என்கிறேன்.

உடனே பணத்தைக் கட்டித் தலைமுழுகிவிடலாம் என்றும் நினைக்காதே. கட்டினால் தப்பை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள், அப்புறம் மறுத்துப் பேச வழியிருக்காது. முதலில் நாலும் எந்த நிலையில் இருக்கின்றன என்று எழுத்தில் வாங்கு. சிவப்பு விளக்குச் சீட்டுக்குப் படத்தைக் காட்டச் சொல். ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டுக் கோட்டைத் தாண்டியிருக்கலாம், நம்பரே தப்பாகப் படித்திருக்கலாம். வண்டியை வேறு யாராவது வாங்கிக்கொண்டு போயிருந்தால், ஓட்டியது யார் என்று தெரிவிக்க முடியுமா என்று கேள். சிநேகிதன் என்பதற்காக அவன் தப்பை நீ சுமக்காதே. நீ சுமப்பாய் என்று எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் தவணை கேள். கேட்பதில் வெட்கமில்லை. கட்டியதும் ரசீதை வாங்கி வைத்துக்கொள். லைசென்ஸ் நிறுத்தப்பட்டிருந்தால், பணம் கட்டியதும் அது தானாகவே உயிர் பெற்றுவிடும் என்று நம்பாதே, அதற்குத் தனியாக விண்ணப்பம் உண்டா என்று கேள். அபராதம் பாக்கி என்று போனில் லிங்க் வந்தால் அதைத் தொடாதே. அந்தப் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

தம்பி, இதையெல்லாம் நான் நீட்டி எழுதுவது, எழுத வேண்டியதைத் தள்ளிப்போடத்தான்.

முதல் உறை வந்து 5 மாதம் ஆகிறது. அன்றைக்கே உனக்கு அனுப்பியிருக்கலாம். அக்காவிடம் கொடுத்திருக்கலாம், படம் எடுத்துப் போனில் அனுப்பியிருக்கலாம். அதெல்லாம் எனக்குச் செய்யத் தெரியும். தையல் மெஷின் டிராயரில் வைத்தேன். "உனக்கு ஒரு தபால் வந்திருக்கிறது, வந்து வாங்கிக்கொள்" என்று மட்டும் செய்தி போட்டேன். நீ "சரி" என்று பதில் போட்டாய். அந்த ஒரு வார்த்தையை ஒரு வாரம் எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

அக்கா வீட்டில் அன்றைக்கு அப்படி ஆன பிறகு, நீ இங்கே வருவதற்கு என்னிடம் வேறு காரணம் இல்லை. தபாலை அனுப்பிவிட்டால் அதுவும் போய்விடும். இரண்டாவது உறை வந்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிள்ளை தபாலைப் பிரிக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். பிரித்தால் அனுப்ப வேண்டியிருக்கும், அதனால் பிரிக்கவில்லை. வேகத்துக்கான சீட்டு இரண்டும் ஒரே சாலையில், இரண்டு மாத இடைவெளியில். முதலாவது உன் கைக்கு வந்திருந்தால் அடுத்த தரம் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்திருப்பாய். அந்த இரண்டாவது சீட்டுக்கும், எல்லாத் தாமதக் கட்டணத்துக்கும் நான்தான் காரணம். நீ ஒருவேளை லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருப்பதற்கும்.

போன வாரம் அந்த எச்சரிக்கை வந்த பிறகுதான் எல்லாவற்றையும் பிரித்தேன். நாலாவது, நிறுத்தக் கூடாத இடத்தில் வண்டியை நிறுத்தியதற்கு. இடம், தேதி, நேரம் எல்லாம் போட்டிருக்கிறது. நம் பின்தெரு, அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், இரவு 8.10. அங்கிருந்து பார்த்தால் அப்பா அறை ஜன்னல் தெரியும். அன்றைக்கு விளக்கு வெகுநேரம் எரிந்தது.

நான் எதுவும் கேட்கவில்லை. அந்தச் சீட்டுக்கு மட்டும் பணத்தை நான்தான் கட்டுவேன், மறுக்காதே.

5 உறைகளையும் தபால் முத்திரை கிழியாமல் இதோடு பதிவுத் தபாலில் வைத்திருக்கிறேன். தபால் எல்லாம் இங்கே வந்தது, உன்னிடம் தராமல் நான் வைத்துக்கொண்டேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். நோட்டீஸ் கையில் கிடைக்காதவர்கள் அதைச் சொல்லித் தாமதக் கட்டணத்தைத் தள்ளும்படி கேட்கலாம் என்று அந்தப் பெண் சொன்னாள். ஏற்பதும் ஏற்காததும் அவர்கள் முடிவு. கேட்கத்தான் வேண்டும். நேரில் வந்து சொல்லச் சொன்னாலும் சொல்வேன். அப்பாவிடம் இன்றைக்கு ராத்திரி நானே சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை காலை 10 மணிக்கு அந்த அலுவலக வாசலில் நிற்பேன். நீ வந்தால் சேர்ந்து உள்ளே போகலாம். என்னோடு பேச வேண்டாம் என்றால் பேச வேண்டாம், பக்கத்தில் நிற்கிறேன்.

பஸ்ஸில் வா. வண்டியை எடுக்காதே.

அம்மா