நான்கு சர்வர் கிளஸ்டரில் எச்.ஏ. வேலை செய்யாதது குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

ஐயா,

உங்கள் பொறியாளர் அமைத்துக் கொடுத்த, நான்கு சர்வர்கள் சேர்ந்து இயங்கும் கிளஸ்டரில் சென்ற வாரம் ஒரு சர்வர் மதர்போர்டு கோளாறால் நின்றுபோனது. சர்வர் பழுதாவது சகஜம், அதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. அப்படி நின்றால் அதனுள் தனித்தனிக் கணினிகள்போல் ஓடும் விர்ச்சுவல் மெஷின்கள் மற்ற சர்வர்களில் தானாக எழ வேண்டும் என்றுதான் எச்.ஏ. (ஹை அவெய்லபிலிட்டி) வசதியைக் கேட்டோம். டேட்டாபேஸ் எழவில்லை. ஆறு மணி நேரம் வேலை முடங்கியது.

கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு சர்வரிலும் 256 ஜிபி மெமரி. எங்கள் மெஷின்களுக்கு மொத்தம் 860 ஜிபி முழுமையாக ரிசர்வ் செய்யப்பட்டிருக்கிறது, அதாவது பங்குபோட முடியாதபடி ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒன்று போனால் மிஞ்சுவதே 768. மீதி மூன்றிலும் தலா 40 ஜிபிகூட காலியில்லை, டேட்டாபேஸுக்கோ 128 தேவை. எந்த சர்வரில் போய் உட்காரும்? 860 என்பதை வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கொடுத்திருந்தோம். நான்கு சர்வர் தாராளம் என்றீர்கள்.

இந்தக் குறையை முதல் நாளே காட்டிக்கொடுத்திருக்க வேண்டியது அட்மிஷன் கண்ட்ரோல், அதாவது ஒரு சர்வர் போனாலும் தாங்க இடம் மிஞ்சாதபடி புதிய மெஷின்கள் ஆன் ஆவதைத் தடுக்கும் அமைப்பு. அது அணைக்கப்பட்டிருக்கிறது. கடைசிச் சில மெஷின்களை ஆன் செய்ய விடவில்லை, அதனால் அணைத்தேன் என்கிறார் உங்கள் பொறியாளர். ஐயா, அதன் வேலையே அதுதானே!

எந்த மெஷின் முதலில் எழ வேண்டும் என்று சொல்லும் ரீஸ்டார்ட் முன்னுரிமையும் எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே இருக்கிறது. விளைவு, யாரும் தொடாத டெஸ்ட் மெஷின்கள் முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்தன, 32 ஜிபி கேட்கும் கணக்கு சர்வர் வெளியே நின்றது. டெஸ்ட் மெஷின்களைக் கையால் அணைத்து, மற்றவற்றை நகர்த்திய பிறகே டேட்டாபேஸுக்கு இடம் கிடைத்தது. அப்புறம் ரேக்கைத் திறந்து பார்த்தால், சர்வர்கள் ஒன்றையொன்று இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளும் ஹார்ட்பீட்டுக்கான இரண்டு கேபிள்களும் ஒரே ஸ்விட்சில் செருகியிருக்கின்றன; அந்த ஸ்விட்ச் போனால் இரண்டும் போச்சு.

உங்கள் சப்போர்ட்டின் பதில்: “எச்.ஏ. எனேபிள் ஆகித்தான் இருக்கிறது.” இருக்கிறது, சரி. ஒப்படைப்பு ஆவணத்தில் “ஃபெயில்ஓவர் சோதிக்கப்பட்டது” என்று ஒரு வரியும் இருக்கிறது, அதாவது ஒரு சர்வர் நின்றால் மற்றவை அதன் வேலையை ஏற்கின்றனவா என்று பார்த்தாகிவிட்டதாம். எந்த நாளில், எந்த சர்வரை நிறுத்திச் சோதித்தீர்கள்? அந்தப் பதிவை அனுப்புங்கள்.

ஐந்தாவது சர்வர் ஒன்றை உங்கள் செலவில் சேர்த்து, மேலே சொன்ன அமைப்புகளைத் திருத்தித் தர வேண்டும். பிறகு எங்கள் கண்முன்னே ஒரு சர்வரின் பவர் கேபிளைப் பிடுங்கிக் காட்டுங்கள். எதைப் பிடுங்குவது என்பதை நாங்கள் சொல்வோம். அதுவரை பராமரிப்புக் கட்டணத்தின் அடுத்த தவணையை நிறுத்தி வைக்கிறோம்.

இப்படிக்கு,
சர்வர் பிரிவுப் பொறுப்பாளர்