எந்தப் பனி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

"வடதுருவத்தில் 2012இல் குறைந்த பனி மறு ஆண்டே கூடிவிட்டது, தென்துருவத்திலோ பெருகுகிறது, எனவே புவி வெப்பமாதல் இன்னும் விவாதத்துக்குரியதே" என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு வாக்கியம் கண்டேன். முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் என்பதால், வாசித்துவிட்டுக் கீழே வைத்த காபியை ஆறிய பிறகுதான் எடுத்தேன்.

2012 செப்டம்பரில் ஆர்க்டிக் கடல் பனி சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. 1979இலிருந்து உள்ள செயற்கைக்கோள் பதிவில் அதுவே மிகக் குறைவு. மறு ஆண்டு கூடியது மெய்தான். காலாண்டில் 12 மதிப்பெண் வாங்கிய மகன் அரையாண்டில் 20 வாங்கியதற்காகத் தெருவுக்கே மிட்டாய் கொடுத்த ஒரு தகப்பனாரை எனக்குத் தெரியும். தங்கள் கட்டுரையாளர் அவருக்கு உறவாக இருக்கலாம். 2007 முதல் 2024 வரை ஒவ்வொரு செப்டம்பரின் தாழ்வும் 2007க்கு முந்தைய எந்தச் செப்டம்பரின் தாழ்வையும் விடக் குறைவு என்பது அவர் கண்ணில் படவில்லை. தென்துருவக் கடல் பனி 2014 செப்டம்பரில் இரண்டு கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டியது உண்மை, அதன் காரணம் குறித்து ஆய்வாளர்கள் விவாதித்ததும் உண்மை. ஆனால் அதன் குளிர்கால உச்சம் 2023இல் 1.7 கோடியைக்கூட எட்டவில்லையே? (தென்துருவத்தில் செப்டம்பர் என்பது குளிர்கால உச்சம்தான்; கோடையோடு குளிர்காலத்தை ஒப்பிட்டு நான் வித்தை காட்டவில்லை.)

இதைவிட வருத்தம், எல்லாவற்றையும் 'பனி' என்ற ஒரே சொல்லில் அள்ளிப் போட்டது. மார்கழி விடியலில் புல்லில் நிற்பதும் பனி, கிரீன்லாந்து நிலத்தின்மேல் மூன்று கிலோமீட்டர் தடிமன் வரை கிடப்பதும் பனி! ஒன்பதாம் வகுப்பில் எவர்சில்வர் டம்ளரில் பனிக்கட்டியை மிதக்கவிட்டு விளிம்புவரை நீர் ஊற்றுவேன்; கட்டி முழுதும் கரைந்தாலும் ஒரு சொட்டு வழியாது. பிறகு டீ வடிகட்டியில் ஒரு கட்டியை வைத்து அதே டம்ளரின்மேல் பிடிப்பேன். மேசை நனைந்து, ஒருமுறை வருகைப் பதிவேடும் நனைந்தது. முன்னது கடல் பனி, பின்னது நிலப் பனி. 2002இல் ஏவிய கிரேஸ் செயற்கைக்கோள்கள் ஈர்ப்பு விசையை அளந்து சொன்ன கணக்கில், கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 27,000 கோடி டன் பனியை இழக்கிறது. கட்டுரையில் அதற்கு ஒரு வரி இல்லை.

சென்ற ஆண்டு ஆர்க்டிக் பற்றிய செய்திக்குப் பென்குவின் படம் போட்டிருந்தீர்கள். அங்கே பென்குவின் கிடையாது என்று அஞ்சலட்டையில் எழுதினேன். இடப்பற்றாக்குறையால் வெளியிடவில்லை போலும். மழைக்கான கிரக நிலைக் கணிப்புக்கு அந்த வாரம் அரைப் பக்கம் தேவைப்பட்டிருந்தது.

தங்களுக்குத் தெரியாதது எதையும் நான் சொல்லவில்லை. இனி 'பனி' என்று அச்சிடும்போது கடல் பனியா நிலப் பனியா என்று ஒரு சொல் முன்னால் சேர்க்கச் சொல்லுங்கள். பென்குவினுக்கும் ஒரு வரித் திருத்தம் போட்டால் நன்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கும்பகோணம்.