பதின்மூன்று திருட்டு

அன்புள்ள நண்பா,

முழங்கால் அறுவை முடிந்து நீ நடக்கத் தொடங்கிவிட்டதை அறிந்து நிம்மதி. கல்லூரி அணிக்காக மூன்று ஆண்டுகள் குத்துக்காலிட்டு விக்கெட் காத்த கடன் இப்போது வட்டியோடு வசூலாகிறது போலும். பேரன் கீப்பிங் சொல்லித்தரக் கேட்கிறான், "பந்தை ஒழுங்காகப் பிடிக்காதவன் என்ன சொல்லித்தருவது?" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் பிராஞ்ச் ரிக்கி நினைவுக்கு வந்தார்.

ரிக்கி அமெரிக்காவின் ஓஹையோக்காரர், பேஸ்பாலில் கேட்சர், நம் விக்கெட் கீப்பர் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை ஆடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்ததால் 1904இல் சின்சினாட்டி ரெட்ஸ் அவரை ஓர் ஆட்டத்தில்கூட இறக்காமலே அனுப்பிவிட்டது. பிறகு செயின்ட் லூயிஸ், நியூயார்க் அணிகள். 1907 ஜூன் 28 அன்று கை வலியோடு வாஷிங்டனுக்கு எதிராக இறங்கினார். பந்து வீசப்படும்போதே எதிரணி ஓட்டக்காரர் அடுத்த பேஸுக்கு, அதாவது அடுத்த தளத்துக்கு, ஓடிவிடுவதைத் திருட்டு என்பார்கள். பந்தை எறிந்து அதைத் தடுப்பது கேட்சர் வேலை. அன்று மட்டும் அவர் தடுக்க முடியாமல் விட்டது 13 திருட்டு! நீ பத்தொன்பது பை ஓட்டங்கள் விட்ட ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுதியவன் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பரிவு.

காசுக்கு ஆடியதால் கல்லூரி அணியில் இடமிழந்து, மாணவப் பருவத்திலேயே ஓஹையோ வெஸ்லியன் கல்லூரியில் பயிற்சியாளரானவர் அவர். அணியை சவுத் பெண்ட் நகருக்கு அழைத்துச் சென்றபோது, அணியிலிருந்த ஒரே கறுப்பின வீரர் சார்லஸ் தாமஸுக்கு ஓட்டலில் அறை மறுத்தார்கள். ரிக்கி வாதாடித் தன் அறையிலேயே ஒரு கட்டில் போடச் செய்தார். இரவு தாமஸ் அழுதபடி, தோலை உரித்துவிட முடியாதா என்பதுபோல் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாராம். ரிக்கி கடைசிவரை சொல்லிவந்த கதை இது.

இடையில் காசநோய். மீண்டு வந்து மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டே அங்கும் பயிற்சியாளர். அங்கே கையில் கிடைத்தவர் ஜார்ஜ் சிஸ்லர். 1920இல் ஒரே பருவத்தில் 257 ஹிட் (பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸை எட்டுவது) அடித்த அதே சிஸ்லர். 1945இல் ரிக்கி புரூக்ளின் டாட்ஜர்ஸ் நிர்வாகத்துக்காக, பெரிய லீக்கின் நிறத்தடையை உடைத்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனை ஒப்பந்தம் செய்ததைத்தான் உலகம் பேசுகிறது. எனக்கென்னவோ அது அந்த ஓட்டல் அறையிலேயே தொடங்கிவிட்டதாகப் படுகிறது. தாமஸ் பின்னாளில் பல் மருத்துவரானார்.

வலி குறைந்ததும் பேரனோடு மைதானத்துக்குப் போ. உட்கார்ந்து காட்ட வேண்டாம், நாற்காலி போட்டுக்கொண்டு சொல். அந்தப் பத்தொன்பதை நான் அவனிடம் சொல்லமாட்டேன்.

உன் பழைய அறைத்தோழன்