‘ஹாட் ஸ்பேஸ்’ ஆல்பத்தைக் கடைசியில் தள்ளும் குயின் ரசிகர்களுக்கு

அன்புள்ள ரசிகர்களே,

வணக்கம். பிரிட்டிஷ் ராக் குழுவான குயினின் ஆல்பங்களை வரிசைப்படுத்தச் சொன்னால் முதல் இடத்துக்கு உங்களுக்குள் அடிதடியே நடக்கும். கடைசி இடத்துக்கு மட்டும் சண்டை வருவதில்லை. 1982-இல் வந்த ‘ஹாட் ஸ்பேஸ்’ என்று பெரும்பாலும் ஒரே குரலில் சொல்லிவிடுவீர்கள். ஏன் என்றால் பதிலும் தயாராக இருக்கும்: நல்ல ராக் குழு, டிஸ்கோ பக்கம் போனது, கிதாரைக் கீழே வைத்தது, டிரம் மெஷினைப் பிடித்துக்கொண்டது, கெட்டுப்போனது.

கடைசி இடத்தைப் பற்றி எனக்குப் பெரிய வழக்கு இல்லை. நீங்கள் சொல்லும் காரணத்தோடுதான் வழக்கு. அந்த ஆல்பத்தில் பழுது இருக்கிறது, ஆனால் பழுது பாப் இசையில் இல்லை.

முதலில், அவர்களை நடன மேடைப் பக்கம் அனுப்பி வைத்தது யார்? நாம்தான். 1980-இல் ‘தி கேம்’ ஆல்பத்துக்காக, குழுவில் பேஸ் கிதார் வாசிக்கும் ஜான் டீக்கன் ‘அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்’ பாட்டை எழுதினார். அமெரிக்க நடன இசைக் குழுவான சிக்கின் ‘குட் டைம்ஸ்’ பாட்டில் வரும் பேஸ் கிதார் அவர் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. டிரம் ஓசை வறண்டு ஒலிக்க வேண்டும் என்று அவர் கேட்க, டிரம்மர் ரோஜர் டெய்லர் அரை மனதோடு டிரம்முக்குள் போர்வைகளைத் திணித்து வாசித்தார். அதைத் தனிப் பாடலாக வெளியிடுங்கள் என்று வற்புறுத்தியவர் மைக்கேல் ஜாக்சன். பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. ஆல்பமும் போனது. குயினின் ஸ்டுடியோ ஆல்பம் ஒன்று அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது அந்த ஒரு முறைதான். அப்போது யாரும் ‘துரோகம்’ என்று கத்தியதாகத் தெரியவில்லை. லட்சக்கணக்கில் வாங்கினோம். அதே டீக்கனும் பாடகர் ஃப்ரெடி மெர்குரியும் ‘சரி, இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம்’ என்று கிளம்பினால் தப்பா?

இடத்தையும் கவனியுங்கள். ஆல்பத்தின் பெரும்பகுதி பதிவானது மியூனிக்கில், அரபெல்லா என்ற உயரமான கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த மியூசிக்லேண்ட் ஸ்டுடியோவில். அதை நிறுவியவர் ஜார்ஜியோ மொரோடர், டிஸ்கோவுக்கு எலக்ட்ரானிக் முகம் கொடுத்தவர். பதிவு செய்தவர் ‘மாக்’ என்று மட்டும் பெயர் போட்டுக்கொள்ளும் ரைன்ஹோல்ட் மாக். வேலை முடிந்த இரவுகளில் குழுவினர் போன இடம் சுகர் ஷாக் என்ற கிளப். அங்கே பெரிய ஒலிபெருக்கிகளில் எது நன்றாக ஒலிக்கும், எது எடுபடாது என்பதைக் காதால் கண்டுகொண்டார்கள். இடைவெளி விட்டு வாசித்த பாட்டுகள் அங்கே அறையையே அதிர வைத்தன, கிதார்களை அடுக்கடுக்காக ஏற்றிய பழைய பாட்டுகள் கூழாகிப் போயின. கோரஸையும் கிதாரையும் மாடி மேல் மாடியாகக் கட்டியே பேர் வாங்கிய குழுவுக்கு இது பெரிய படிப்பினை.

அந்தப் படிப்பினையை நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து கற்றிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். நடந்தது அதுவல்ல. ஒரே வீட்டுக்குள் நான்கு அடுப்பு எரிந்தது. இசைத்தட்டின் முதல் பக்கத்தைக் கேளுங்கள். ‘ஸ்டேயிங் பவர்’ ஃப்ரெடியின் பாட்டு. அதில் பேஸ் கிதாரே கிடையாது, அந்த வேலையைச் சிந்தசைசர் செய்கிறது. பித்தளை வாத்தியங்களை அமைத்துக் கொடுத்தவர் ஆரிஃப் மார்டின், அமெரிக்க சோல் இசையில் பழுத்த கை. அந்த வாத்தியங்கள் சுள்ளென்று வந்து வெட்டிவிட்டுப் போகும் இடங்கள் எனக்குப் பிடிக்கும். ஆனால் கிதார் கலைஞர் பிரையன் மேக்கு அந்தப் பாட்டில் என்ன வேலை என்று யோசித்தால் பதில் இல்லை. ‘பாடி லாங்குவேஜ்’ அதைவிட மோசம். பேஸ், தாளம், மூச்சு, கைதட்டல், அவ்வளவுதான். கிதார் ஏதோ தூரத்தில் எட்டிப் பார்க்கிறது.

டீக்கன் எழுதிய ‘பேக் சாட்’ கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அதில் கிதார் தனி வாசிப்பே வேண்டாம் என்பது டீக்கனின் பிடிவாதம். மே விடவில்லை. மூண்ட சண்டையில் கடைசியில் வென்றவர் மே. எதிர்ப்பேச்சைப் பற்றிய பாட்டுக்குள் அவர் வாசித்த அந்தத் துண்டு கோபத்தோடு கீறிக்கொண்டு போகிறது, பாட்டைத் தூக்கி நிறுத்துவதும் அதுதான். இரண்டு பேர் மோதிய இடத்தில் பாட்டு உயிர்க்கிறது, ஒருவர் மட்டும் தன் போக்கில் செய்த இடத்தில் உலர்கிறது. ‘டான்சர்’ மே எழுதியது. கிதார் நிறையவே இருக்கிறது, இருந்தும் தேறவில்லை. கிதார் இல்லாததுதான் குறை என்ற உங்கள் வாதத்துக்கு அதுவே போதுமான பதில்.

குழுவுக்குள்ளேயே அன்று நிம்மதி இல்லை. ஃப்ரெடியின் மேலாளராக இருந்த பால் பிரென்டரின் பேச்சு அளவுக்கு மீறி எடுபட்டது, அவருக்குக் கிதாரே பிடிக்காது என்று மேயும் டெய்லரும் பின்னாளில் குறைபட்டிருக்கிறார்கள். இருக்கலாம். அதற்காக முழுப் பழியையும் ஓர் ஆளின் தலையில் கட்டுவது எனக்குச் சௌகரியமான கணக்காகவே படுகிறது. பாட்டை எழுதியதும் பாடியதும் அந்த நால்வர்தான்.

இப்போது உங்கள் கட்சிக்கே பெரிய தலைவலியான பாட்டுக்கு வருகிறேன். ‘அண்டர் பிரஷர்’. அதைத் திட்டும் குயின் ரசிகரை நான் பார்த்ததில்லை. ஆனால் அதுவும் ‘ஹாட் ஸ்பேஸ்’ ஆல்பத்தின் பாட்டுதான், கடைசிப் பாட்டு. சிலர் சாமர்த்தியமாக ‘அது தனிப் பாடலாக முன்னாலேயே வந்துவிட்டது, கணக்கில் சேராது’ என்று நழுவப் பார்க்கிறார்கள். 1981 அக்டோபரில் முன்னால் வந்தது உண்மை, பிரிட்டனில் முதலிடம் பிடித்ததும் உண்மை. ஆனால் எதனால் ஆன பாட்டு அது? திரும்பத் திரும்ப வரும் ஒரு பேஸ் துணுக்கு, விரல் சொடுக்கு, கைதட்டல், சொல்லே இல்லாத குரல் விளையாட்டு. மேயின் கிதார் அடக்கமாக இழைகிறது, நீண்ட தனி வாசிப்பு எதுவும் இல்லை. இலக்கணம் பார்த்தால் நீங்கள் திட்டும் முதல் பக்கத்துக்கு இது பங்காளி.

வித்தியாசம் அது உருவான விதத்தில்தான். சுவிட்சர்லாந்தின் மொன்த்ரூ ஊரில் குழுவுக்குச் சொந்தமான மவுண்டன் ஸ்டுடியோ. 1981 கோடையில் பாடகர் டேவிட் போவி அங்கே வந்து சேர்கிறார். எல்லோரும் ஒரே அறையில், பழைய பாட்டுகளை ஜாலியாக வாசித்துப் பார்க்கிறார்கள், அப்புறம் நாமே ஒன்று செய்வோமே என்று இறங்குகிறார்கள். டீக்கன் அந்தப் பேஸ் துணுக்கைப் பிடிக்கிறார். நடுவே சாப்பிடப் போய்விட்டுத் திரும்பினால் அவருக்கே அது மறந்துபோயிருந்தது, மற்றவர்கள்தான் நினைவுபடுத்தினார்கள் என்பது அவர்களே சொன்ன கதை. ஃப்ரெடியும் போவியும் மாறி மாறிப் பாட, மனதில் வந்ததை அப்படியே பதிவு செய்தார்கள். இறுதி ஒலிக் கலவையின்போது முட்டல் மோதல் இருந்தது, மேக்கு அந்தக் கலவை முழுத் திருப்தி தரவும் இல்லை. இருந்தும் பாட்டை எழுதியவர்கள் என்று ஐவர் பெயரும் போடப்பட்டது. ஆல்பத்தில் வேறு எந்தப் பாட்டுக்கும் அப்படி இல்லை. பிற்பாடு 1989-இல் ‘தி மிராக்கிள்’ ஆல்பத்துக்கு எல்லாப் பாட்டையும் குயின் என்ற ஒரே பெயரில் போட முடிவெடுத்தார்களே, அந்த ஞானம் ஏழு வருடம் முந்தி வந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆதங்கம்.

வரவேற்பு பற்றியும் கொஞ்சம் நேர்மையாகப் பேசுவோம். பிரிட்டனில் நான்காம் இடம், அமெரிக்காவில் 22. தோல்வி என்று சொல்லும் அளவுக்கு மோசமில்லை, ஆனால் ‘தி கேம்’ வந்த கையோடு பார்த்தால் சறுக்கல்தான். ‘பாடி லாங்குவேஜ்’ அமெரிக்காவில் 11 வரை ஏறியது. ஆனால் காலம் சரியில்லை. 1979 ஜூலையில் சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள், கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிவிட, அடுத்த ஆட்டமே நின்றுபோனது. அந்த வெறுப்பு வெறும் ரசனை சம்பந்தப்பட்டதல்ல. அந்த இசையை வளர்த்தெடுத்த கறுப்பின மக்கள் மீதும் தன்பாலின ஈர்ப்பாளர்கள் மீதும் இருந்த ஒவ்வாமையும் அதில் கலந்திருந்தது. மீசையும் குட்டை முடியுமாக ஃப்ரெடி அந்த இசையைப் பாடியபோது எத்தனை பேர் இசையை மட்டும் வெறுத்தார்கள் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஃப்ரெடி உயிரோடு இருந்தவரை 1982-க்குப் பிறகு குயின் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்யவே இல்லை.

அதே 1982-இன் கடைசியில் மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ வந்தது. அதில் ‘பீட் இட்’ பாட்டுக்கு எடி வான் ஹேலன் கிதார் வாசித்தார். பாப் பாடகர் ராக் கிதாரைக் கடன் வாங்கினால் ‘ஆஹா, எல்லை தாண்டிவிட்டார்’. ராக் குழு நடனத் தாளத்தைக் கடன் வாங்கினால் ‘விலைபோய்விட்டது’. இந்த ஒருதலை நியாயம் எனக்கு இன்றுவரை புரியவில்லை.

உங்களைப் போன்றவர்களை ஃப்ரெடி அப்போதே பார்த்துவிட்டார். 1982 ஜூன் 5, இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் திறந்தவெளி மேடை. புதிய பாட்டுக்குள் போவதற்கு முன், இது வெறும் இசைத்தட்டு, இதற்குப் போய் இவ்வளவு அலட்டிக்கொள்கிறார்களே என்ற தொனியில் அலுத்துக்கொள்கிறார். பிறகு ‘ஸ்டேயிங் பவர்’. அந்த நிகழ்ச்சியின் பதிவு கிடைக்கிறது, தயவுசெய்து கேளுங்கள். பித்தளை வாத்தியங்கள் இல்லை, டீக்கன் கிதாரைப் பிடிக்கிறார், மே இடைவெளிகளில் புகுந்து வெட்டுகிறார், டெய்லர் டிரம்மை அடித்துத் துவைக்கிறார். ஸ்டுடியோவில் சிலுப்பிக்கொண்டு நின்ற அதே பாட்டு மேடையில் பாய்கிறது. நால்வரும் சேர்ந்து வாசித்தார்கள், அவ்வளவுதான் மாற்றம்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். 1984-இல் வந்த குயினின் ‘ரேடியோ காகா’ பெரும்பாலும் சிந்தசைசரும் டிரம் மெஷினுமாகக் கட்டிய பாட்டு. அடுத்த ஆண்டு லண்டன் வெம்ப்ளியில் லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் நிகழ்ச்சியின் மேடைக்கு முன் மொத்தக் கூட்டமும் கையைத் தூக்கித் தட்டியதை நினைத்தால் உங்களுக்கு இன்றும் புல்லரிக்கும். ‘ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ’ பாட்டின் நடுவில் வரும் தனி வாசிப்பு கிதாரே இல்லை, ஃப்ரெட் மாண்டல் சிந்தசைசரில் வாசித்தது. அதற்காக யாரும் அந்தப் பாட்டைத் தள்ளி வைக்கவில்லையே.

ஆகவே என் கோரிக்கை சின்னது. இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். துப்பாக்கிகளுக்கு எதிராக மே எழுதிய ‘புட் அவுட் தி ஃபயர்’, சுட்டுக் கொல்லப்பட்ட ஜான் லெனனுக்காக ஃப்ரெடி எழுதிய ‘லைஃப் இஸ் ரியல்’, நடுவில் ஸ்பானிய மொழி எட்டிப் பார்க்கும் ‘லாஸ் பலாப்ராஸ் டி அமோர்’, பிறகு ‘கூல் கேட்’. ஃப்ரெடி அந்தப் பாட்டு முழுவதையும் கள்ளக் குரலில் மிதக்க விடுகிறார், டீக்கன் வேறு யாரையும் கூப்பிடாமல் சோம்பலாகப் பின்னிக்கொண்டே போகிறார். போவி அதிலும் பின்னணி பாடியிருந்தார், திருப்தியில்லை என்று கடைசி நேரத்தில் எடுத்துவிடச் சொன்னார். எடுத்ததே நல்லது என்பது என் கட்சி.

அதன் பிறகும் ‘ஹாட் ஸ்பேஸ்’ கடைசி இடம்தான் என்றால் வையுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். காரணத்தை மட்டும் திருத்தி எழுதுங்கள். ‘டான்சர்’ பாட்டை வேண்டுமானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அதற்காக வாதாட என்னால் ஆகாது.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்