மோரில் உப்பு குறைவு

பினாங்கு,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

பசியாறிவிட்டாயா? அம்மா நெத்திலி பொரித்து டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறாள். நீ வரும்வரை நான் தொடக்கூடாதாம்.

போன வாரம் போனில் சொன்னாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். தமிழ்ச் சொற்களை அகர வரிசையில் அடுக்க நீ எழுதி இலவசமாக வெளியிட்ட நிரலைப் பார்த்துவிட்டு, "இதுகூட ஒழுங்காக வராதா, பிறகு எதற்கு வெளியிட்டீர்கள்?" என்று யாரோ எழுதினானாம். "விட்டுடலாம்னு இருக்கேம்பா" என்றபோது உன் குரல் இறங்கிவிட்டது. நான் ஏதோ சமாதானம் சொல்லிப் போனை வைத்தேன். உண்மையில் எனக்கு வாய் வரவில்லை. அந்த ஆளைப் போல நானும் ஒரு தடவை எழுதியிருக்கிறேன்.

2014-இல் நடந்தது. நீ காலேஜில் இருந்தாய். பத்து வெள்ளிக்கு வாங்கிய பைரட் சிடி மென்பொருளில்தான் நம் கடையின் கல்யாண அட்டை வேலையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. நீதான் அதை அழித்துவிட்டு ஸ்கிரைபஸ் ஏற்றிக் கொடுத்தாய். பக்கம் வடிவமைக்கிற கட்டற்ற மென்பொருள், யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், திருத்தவும் செய்யலாம். நல்ல சாமான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்போது அதற்கு யூனிகோட் தமிழைக் கோக்கத் தெரியாது. 'பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டபடி' என்று அடித்தால், 'பெ'யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'யோ'வில் கொம்பும் காலும் ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். கடைத்தெரு வாடிக்கையாளர் ஒருவர் மாதிரி அட்டையைப் பார்த்து, "என்ன அண்ணே, பெரியோர்களையே ஒடச்சு வச்சிருக்கீங்க?" என்று சிரித்தார். அந்தக் கடுப்பில் அன்று ராத்திரியே, அரைகுறை இங்கிலீஷில், அதை எழுதியவர்களுக்கு ஒரு கடிதம் தட்டினேன். வெட்கமாக இல்லையா என்கிற மாதிரி. ஒரு காசு கொடுக்காத நான்!

இரண்டு நாளில் பதில் வந்தது. எழுத்துகள் எப்படி வரவேண்டும் என்று மாதிரி ஒன்று அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அவ்வளவுதான். கொம்பு வாங்கும் எழுத்துகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஸ்கேன் செய்து அனுப்பினேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

2017-இல் 1.5.3 வந்தபோது கொம்பு தன் இடத்தில் உட்கார்ந்தது. என் தாளால் வந்தது என்று நினைத்துக்கொள்ளாதே. அரபு எழுத்து சரியாக வரவேண்டும் என்று ஓமானில் சிலர் தொடங்கி வைத்த வேலை அது. எழுத்தைக் கோத்துக் கொடுப்பது ஹார்ஃப்பஸ் என்கிற இன்னொரு கட்டற்ற மென்பொருள். நெல்லுக்குப் பாய்ந்த தண்ணீர் நமக்கும் பொசிந்தது.

இந்தத் தைப்பூசத்துக்கும் தண்ணீர்மலை போகிற வழியில் பந்தல் போட்டோம். எனக்கு மோர் அண்டாப் பக்கம். ஒருவர் ஒரு டம்ளர் குடித்தார், இன்னொன்றும் வாங்கிக் குடித்தார், "மோர்ல உப்பே இல்லையே" என்று சொல்லிவிட்டு நடந்தார். கலக்கிக்கொண்டிருந்த பையனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு 2014 ஞாபகம் வந்தது.

பந்தலில் நிற்கிறவன் கூலி கேட்பதில்லை. ஆனால் தயிரும் ஐஸும் ஓசியில் வருவதில்லையே. நன்கொடைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறுவதற்கென்றே எங்களில் இரண்டு பேர் உண்டு. உங்கள் கட்டற்ற மென்பொருள் உலகத்தில் அண்டாவைக் கிளறுகிறவனேதான் புத்தகத்தையும் தூக்கவேண்டியிருக்கிறது. ஜெர்மனியில் வெர்னர் கோக் என்பவர் ஜிபிஜி மறையாக்க மென்பொருளை 1997-இல் தொடங்கினார். பல வருஷம் ஏறக்குறைய ஒற்றை ஆளாக இழுத்தார். 2015-இல் அவர் காசில்லாமல் தவிப்பது செய்தியாக வந்ததும் 1,00,000 டாலருக்கு மேல் கொட்டியது. பேஸ்புக்கும், இணையத்தில் பணம் கட்ட உதவும் ஸ்டிரைப் கம்பெனியும் ஆளுக்கு வருஷம் 50,000 டாலர் தருவதாகச் சொன்னார்கள். சந்தோஷம். அதுவரை எங்கே போயிருந்தார்கள்?

அப்புறம், நீ எனக்கு விளக்கிச் சொன்ன அந்த எக்ஸ்இசட் கதை. கோப்புகளைச் சுருக்குகிற அந்த மென்பொருளைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார் ஒருவர். அவர் சோர்ந்திருந்த நேரமாகப் பார்த்து, "ஏன் தாமதம், வேறு ஆளிடம் கொடு" என்று முகம் தெரியாத சிலர் நச்சரித்தார்கள். ஜியா டான் என்ற பெயரில் ஒரு ஆள் ஒத்தாசைக்கு வந்து, இரண்டு வருஷத்துக்கு மேல் நல்லவனாக இருந்து, 2024-இல் கள்ளக் கதவு வைத்துவிட்டுப் போனான். சர்வருக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்பவர் சந்தேகப்பட்டுத் தோண்டியதால் தப்பித்தோம். இதைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன். களைப்பாக இருந்தால் நிறுத்து. 'இப்போதைக்குப் பார்க்க முடியாது' என்று முகப்பிலேயே எழுதிப் போடு, யாரும் கேட்க முடியாது. ஆனால் அந்தக் களைப்பில், இனிக்க இனிக்கப் பேசி வருகிற முதல் ஆளிடம் சாவியைக் கொடுத்துவிடாதே.

இன்னொரு விஷயம். மாசம் ஐம்பது வெள்ளி ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஸ்கிரைபஸுக்குப் பாதி, கோவில் கணக்கு எழுதும் லிப்ரே ஆபீஸுக்குப் பாதி. கோவில் உபயம் மாதிரி, மாசா மாசம் தவறாமல் போகவேண்டும். உனக்குக் கொடுத்தால் வாங்க மாட்டாய், தெரியும். வெளிநாட்டுக்குக் கார்டில் கட்டுவது எனக்குப் பிடிபடவில்லை, வந்து செய்து கொடு. உன் கம்பெனியிலும் ஒரு வார்த்தை கேட்டுப் பார். இப்படிப்பட்ட ஓசி மோர் எத்தனை அண்டா குடித்துத்தான் ஓடுகிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஐம்பது வெள்ளி போடுகிற கிழவன் கேட்கச் சொன்னான் என்று சொல்.

உனக்கு எழுதியவனுக்கு இன்னும் பதில் போடவில்லை என்றால், எந்தச் சொல் தப்பான இடத்தில் விழுகிறது என்று மட்டும் கேள். பதில் வந்தாலும் வரும். எனக்கு அனுப்பச் சொன்ன மாதிரியை நான் அனுப்பினேனே.

வெள்ளிக்கிழமை இடிஎஸ் ரயில் டிக்கெட் எடுத்துவிட்டாயா? பட்டர்வொர்த் வந்ததும் போன் போடு. ஃபெர்ரி இறங்கும் பக்கம் நிற்கிறேன்.

அன்புடன்,
அப்பா